கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதற்கு உதவி?

ஒரு பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்பது, அதற்கு உதவி தேவையில்லை என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது என்பதே எங்கள் வாதம். சொல்லும்போது மிக எளிதாகத் தோன்றும் இவ்வாதத்தை ஒரு பாடசாலையிடமும், ஓர் உள்ளூராட்சிச் சபையிடமும் (எம்மவர் வாயில் 'கவுன்சில்'), எங்கள் சுற்றத்தாரிடமும் நிறுவுவதற்கு எங்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இலக்கியம் பேசும் இடத்தில் இதையேன் எழுதுகிறீர்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் வாசகர்கள் இங்கே பலர் உண்டு என்பது ஒரு காரணம். இந்த வழக்கின் பெரும்பகுதி சொற்களைப் பற்றியதாகவே இருந்தது என்பது இன்னொன்று.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. எங்கள் மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஒன்பதாவது வயதில் அவளுக்கு ஓட்டிசம் (தமிழகத்தார் ஆட்டிசம் என்பர்) இருப்பதாக மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். இதற்குத் தமிழில் 'மதியிறுக்கம்' என்றொரு சொல் புழங்குகிறது. ஆக்கியவர் நல்ல நோக்கத்தோடுதான் ஆக்கியிருப்பார். ஆனாலும் இச்சொல் எங்களுக்குச் செய்த தீமை கொஞ்சமல்ல. யாரிடம் சொன்னாலும், "மதியிலே இவளுக்கு என்ன இறுக்கம்? எங்கள் பிள்ளைகளை விடப் புள்ளி கூடவல்லவா எடுக்கிறாள்!" என்பதே மறுமொழி. அவள் மதி இறுகவில்லை என்பது உண்மைதான். ஒலியும் ஒளியும் கூட்டமும் திட்டம் மாறிய நாளும் அவள் உடலில் என்ன செய்கின்றன என்பதைச் சொல்ல அச்சொல்லில் இடமே இல்லை. ஆகவே இக்கட்டுரையில் ஓட்டிசம் என்றே எழுதுகிறோம்.

ஆரம்பப் பாடசாலையில் அவள் மாதிரி மாணவி. இவளைப் போல் முப்பது பேர் வகுப்பில் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று ஓர் ஆசிரியை எங்களிடமே சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அதே பிள்ளை மாலை நான்கு மணிக்கு வீடு வந்ததும் சாப்பாட்டு மேசையின் கீழ் புகுந்து இரண்டு மணித்தியாலம் வெளியே வரமாட்டாள். ஞாயிறு மாலையானால் வாந்தி எடுப்பாள். பகல் முழுவதும் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, எங்கே சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மனத்துள் கணக்குப் போட்டு நடந்துகொள்வதில் அவளுடைய வலு முழுவதும் கரைந்துவிடும். இவ்வாறு தன்னை மறைத்துக்கொள்ளும் வழக்கம் ஓட்டிசம் உள்ள பெண்பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது என்றும், அதனால் அவர்களைக் கண்டறிவது பிந்துகிறது என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாடசாலை அதன் விளைவை மட்டும் பார்த்தது. அதற்கான விலை எங்கள் மேசையின் கீழ் செலுத்தப்பட்டது.

ஏழாம் ஆண்டில் பெரிய பாடசாலைக்குப் போனாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வகுப்பறை, மணி அடித்தவுடன் ஒடுங்கிய நடைவழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் நெரிபடுவது. முதல் தவணை முடிவதற்குள் வாரத்தில் இரண்டு நாள் போவதே பெரும்பாடாயிற்று. அப்போதும் கணிதத்தில் வகுப்பில் முதலாவதாகவே இருந்தாள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் 'பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம்', விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைக்குக் 'கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்' என்ற ஓர் ஆவணத்துக்கு வழி செய்தது. சுருக்கமாக ஈ.எச்.சி. பிளான் என்பார்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த 'ஸ்டேட்மென்ட்' முறைக்கு அது மாற்றானது. இந்தத் திட்டம் இல்லாமலும் பாடசாலைகள் உதவி செய்யலாம், செய்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பவுண் வரையான மேலதிகச் செலவைப் பாடசாலை தன் பாதீட்டிலிருந்தே ஏற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அந்த உதவி ஆசிரியர் மாறினால் மாறும். பணம் முடிந்தால் முடியும். திட்டத்தில் எழுதப்பட்டதையோ கவுன்சில் செய்தே ஆகவேண்டும், செய்யாவிடில் சட்டமீறல். முறைப்படி எழுத்தில் உதவி கேட்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாய் நின்றது இதனால்தான்.

திட்டத்துக்கு முதற்படி மதிப்பீடு. அதைப் பாடசாலைதான் கேட்க வேண்டும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆறு வாரத்துள் பதில் தரவேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இருபது வாரத்துள் இறுதித் திட்டம் கையில் இருக்கவேண்டும். (நடப்பது வேறு. 2023இல் வழங்கப்பட்ட திட்டங்களில் ஏறக்குறையப் பாதிதான் இருபது வாரக் கெடுவுக்குள் வந்தன.)

மதிப்பீடு செய்ய வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் 36ஆம் பிரிவைப் படித்தபோது, தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டாகும். பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருக்கலாம். அதற்குத் திட்டத்தின் வழியான ஏற்பாடு தேவைப்படலாம். இவ்விரண்டும் பொருந்தினாலே மதிப்பீடு செய்யவேண்டும் என்கிறது சட்டம். இரண்டு 'லாம்'கள். 'இருக்கிறது' என்றோ 'தேவைப்படுகிறது' என்றோ நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. அதைக் கண்டறியத்தானே மதிப்பீடு! விசேட கல்வித் தேவை என்பதற்கான வரையறையும் புள்ளிகளோடு நின்றுவிடுவதில்லை. கற்பதில் சக வயதினரை விட மிகுந்த சிரமம் என்பது ஒரு வாயில். பாடசாலையில் எல்லோருக்கும் உள்ள வசதிகளைப் பயன்படுத்தத் தடையாக ஓர் இயலாமை இருப்பது மற்றொரு வாயில். எங்கள் மகள் நுழையவேண்டியது இரண்டாவது வாயிலால். 2015ஆம் ஆண்டின் நடைமுறைக் கோவை இதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது: வயதுக்கேற்ற தேர்ச்சி இருப்பதாலேயே கற்றல் சிரமமோ இயலாமையோ இல்லை என்று கொள்ளலாகாது, இத்தகைய சிரமங்கள் எல்லா அறிவுத் தரத்தினரிடமும் காணப்படும், கவனியாது விட்டால் அவை வேறு வடிவில் வெளிப்படும்.

இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் எங்களுக்கு வந்த பதில் மறுப்புத்தான். காரணம், மகள் தன் வயதுக்குரிய எதிர்பார்ப்பை விட மேலான முன்னேற்றம் காட்டுகிறாளாம். இரண்டு பக்கக் கடிதத்தில் 'முன்னேற்றம்' ஐந்து தடவை வந்தது. அவள் எத்தனை நாள் பாடசாலைக்கு வரவில்லை என்பது ஒரு தடவை கூட வரவில்லை. நாங்கள் கடிதத்தோடு இணைத்த நாட்குறிப்பு பற்றியும் ஒரு சொல் இல்லை.

மறுப்புக் கடிதத்தைத் தீர்ப்பு என்று நம்பி ஒதுங்கிவிடும் குடும்பங்கள் ஏராளம். அது தீர்ப்பல்ல, ஒரு தரப்பின் கருத்து. சிறப்புத் தேவைகளுக்கான நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை. மறுப்புக் கடிதத் திகதியிலிருந்து இரண்டு மாதம், அல்லது இணக்கப் பேச்சுக்கான சான்றிதழ் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அதுவே கெடு. விசாரணை முடிந்து தீர்ப்பு வரும் மேன்முறையீடுகளில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவற்றில், முழுமையாகவோ பகுதியாகவோ, பெற்றோர் பக்கமே தீர்ப்பு அமைந்துவந்திருக்கிறது. இவ்வளவு பெரும்பான்மையாய்த் தோற்கும் ஒரு தரப்பு ஏன் மீண்டும் மீண்டும் மறுக்கிறது? மறுக்கப்பட்ட எல்லோரும் மேன்முறையீடு செய்வதில்லை என்பதைத் தவிர எங்களுக்கு வேறு விடை தோன்றவில்லை. 'இப்சியா' என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களும் இலவச ஆலோசனையும் தருகிறது; ஒவ்வொரு கவுன்சில் எல்லைக்குள்ளும் பெற்றோருக்கான பக்கம்சாராத் தகவல் சேவை ஒன்றும் உண்டு. எங்கள் வழக்கில் விசாரணைத் திகதிக்குச் சில வாரங்கள் முன்னதாகக் கவுன்சில் தானே இணங்கியது.

கவுன்சிலை விடக் கடினமான நியாயசபை எங்கள் தொலைபேசியில் இருந்தது. "பிள்ளை கெட்டிக்காரியெல்லோ. பிறகேன் உப்பிடி எழுதிக் குடுக்கிறியள்? நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா. சட்டன், கிங்ஸ்டன் பக்கத்து கிராமர் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் ரியூசன் வட்டத்திலோ, இந்தக் கடிதம் பதினோராம் வயதுப் பரீட்சைக்கு இடைஞ்சலாகுமே என்ற கவலை.

இவர்களைப் பழிக்க எங்களுக்கு மனமில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை புள்ளி என்பதைக் கொண்டு ஒரு பிள்ளையின் ஊர், பாடசாலை, எதிர்காலம் எல்லாம் நிர்ணயிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். 1970களின் தரப்படுத்தல் வந்தபின் தமிழ் மாணவனுக்குப் பல்கலைக்கழக வாசல் இன்னும் ஒடுங்கியது. சில புள்ளிகளால் வாழ்க்கை தவறிப்போனவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் புள்ளி என்பது உயிர்காப்பு. புள்ளி இருக்கும்போது வேறென்ன குறை என்று அவர்கள் கேட்பது வரலாறு கேட்கவைத்த கேள்வி.

முத்திரைக்கு அஞ்சுவதற்கும் இந்நாட்டிலேயே காரணம் இருந்திருக்கிறது. 1971இல் பேர்னாட் கோர்ட் என்ற கிரெனடா நாட்டு ஆசிரியர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். மேற்கிந்தியப் பிள்ளைகள் மிகையான எண்ணிக்கையில் 'கல்வியில் இயல்புக்குக் கீழானோர்' பாடசாலைகளுக்கு அனுப்பப்படுவதை அது அம்பலப்படுத்தியது. (பின்னாளில் கிரெனடா அரசியலில் அவர் வகித்த பாத்திரம் வேறு கதை.) அவர்களில் பலர் திறமையுள்ள பிள்ளைகள், மொழியும் பண்பாடும் வேறாயிருந்ததால் மந்தம் எனப்பட்டவர்கள். ஆகவே குடியேறிய பெற்றோர் 'விசேட' என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்குவது மூடத்தனமல்ல. ஆனால் அன்றைய முத்திரை பிள்ளையைப் பொது வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியது. இன்றைய திட்டம் எங்கள் மகளைப் பொது வகுப்பில் இருக்கவைக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணி அஞ்சுவதில் இழப்பு பிள்ளைக்குத்தான்.

அம்மம்மாவுக்கு நாங்கள் சொன்ன விளக்கம் கண்ணாடி. கிட்டப்பார்வையுள்ள பிள்ளை முன்வரிசையில் இருந்து, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதி, முதலாம் பிள்ளையாக வந்தால், கண்ணாடி வேண்டாம் என்பீர்களா? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வேறு கதைக்குப் போனார்.

திரைப்படமும் இங்கே ஒரு குழப்பம் செய்திருக்கிறது. 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' நல்ல படம்; எழுத்துகள் நடனமாடும் பிள்ளையின் துயரை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. ஆனால் அதன் இறுதியில் அச்சிறுவன் ஓவியப் போட்டியில் வெல்கிறான். அதிலிருந்து பலர் ஒரு சூத்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள்: இயற்கை ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுக்கும். எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர் இதைச் சொன்னார்கள். கொடுக்கப்பட்ட திறமையே தேவையை மறைக்கும் திரையாகிவிடும்போது என்ன செய்வது என்று எந்தப் படமும் காட்டவில்லை.

மதிப்பீடு நடந்தது. கல்வி உளவியலாளரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அவளைப் பார்த்து எழுதினார்கள். பின்னர் வரைவுத் திட்டம் வந்தது. வாசகர்களே, இந்த ஆவணத்தை ஒரு கவிதையை வாசிக்கும் கவனத்தோடு வாசியுங்கள். 'எஃப்' பகுதியில்தான் பிள்ளைக்கு என்ன செய்யப்படும் என்பது இருக்கும். எங்களுக்கு வந்த வரைவில் அப்பகுதி கனிவான சொற்களால் நிறைந்திருந்தது. 'பொருத்தமானபோது' ஓய்வறையைப் 'பயன்படுத்தும் வாய்ப்பு' அளிக்கப்படும். உதவியாளரின் துணை 'தொடர்ச்சியாக'க் கிடைக்கும். வாரத்துக்குப் 'பத்து மணித்தியாலம் வரை' ஆதரவு. எத்தனை அழகான வாக்கியங்கள்! பொருத்தம் எது என்பதை யார் தீர்மானிப்பது? தவணைக்கு ஒருமுறை என்றாலும் தொடர்ச்சிதான். பத்து வரை என்றால் பூச்சியமும் அதற்குள் அடங்கும். கவிதையில் சொல்லாமல் விடுவது அழகு. இங்கே சொல்லாமல் விட்டது அப்படியே பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும்.

1998இலேயே உயர்நீதிமன்றம், பழைய ஸ்டேட்மென்ட் தொடர்பான ஒரு வழக்கில், ஏற்பாடுகள் ஐயத்துக்கு இடமில்லாதபடி குறிப்பாக எழுதப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி ஒவ்வொரு வரியையும் திருத்தி அனுப்பினோம். 'வரை' என்பதை வெட்டினோம். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக வகுப்பை விட்டு வெளியேறுவாள். ஒவ்வொரு காலையும் 8.40க்குப் பெயர் குறித்த ஒரே ஆசிரியர் பதினைந்து நிமிடம் அவளோடு அன்றைய நாளின் ஒழுங்கைப் பார்ப்பார். நேர அட்டவணை மாறினால் முதல் நாளே எழுத்தில் அறிவிக்கப்படும். வாரம் பத்து மணித்தியாலம், ஓட்டிசம் பற்றிய பயிற்சி பெற்ற உதவியாளர். பேச்சு மற்றும் மொழிச் சிகிச்சை தவணைக்கு ஆறு முறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். இன்னொரு வரிக்காக மிகவும் மல்லுக்கட்டினோம்: எந்தப் பாடத்திலும் அவளுடைய தேவையைக் காரணமாகக் காட்டி அவளைக் கீழ்நிலைப் பிரிவுக்கு மாற்றலாகாது. உதவி பெறும் பிள்ளைக்கு எளிய பாடம் போதும் என்ற எண்ணம், புள்ளியுள்ள பிள்ளைக்கு உதவி வேண்டாம் என்ற எண்ணத்தின் மறுபக்கம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கவுன்சில்களிடம் பணமில்லை. 2024 ஜனவரியில் இங்கிலாந்தில் 5 லட்சத்து 76 ஆயிரம் பேருக்கு இத்திட்டம் இருந்தது. ஆண்டுதோறும் தொகை ஏறிவந்திருக்கிறது. பேசவே முடியாத பிள்ளைகள் விசேட பாடசாலையில் இடமின்றிக் காத்திருக்கையில், கணிதத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஓர் உதவியாளரா? இதை எங்களிடம் கேட்டவர் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தாய். அவருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: மகள் கெட்டிக்காரி என்பதற்காக நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவள் பாடசாலைக்குப் போக முடியாதிருந்தாள், அதற்காகக் கேட்டோம். திறமையை நியாயமாகக் காட்டி உதவி கேட்பது எவ்வளவு ஆபத்தான பாதை என்பதற்கு ஓட்டிசத்தின் வரலாறே சாட்சி. வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் 1944இல் எழுதிய கட்டுரையில் திறமையுள்ள சில பிள்ளைகளை எவ்வளவோ பரிவோடு விவரித்தார். அதே மருத்துவர் வேறு சில பிள்ளைகளை, நூற்றுக்கணக்கான குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஸ்பீகல்கிரண்ட் நிலையத்துக்குப் பரிந்துரைத்ததை 2018இல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார். பயன்படுவோர், பயன்படாதோர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் தராசு அது. அதில் எங்கள் மகளின் தட்டு உயர்ந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், இலண்டன் கேம்பர்வெல் பகுதியில் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து லோர்னா விங் செய்த ஆய்வு 1979இல் வெளிவந்தது. விங் மருத்துவர், ஓட்டிசம் உள்ள ஒரு மகளின் தாயும் கூட. பேசாத பிள்ளை முதல் நிறையப் பேசும் பிள்ளை வரை ஒரே தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கலாம் என்ற பார்வை அவ்வழி வந்தது. அந்தத் தாயும் நாங்களும் ஒரே வரிசையில் நிற்பதாகவே எண்ணுகிறோம். வரிசை நீளமாயிருப்பது உண்மைதான். அதற்காக அவரும் நாங்களும் ஒருவரையொருவர் வெளியே தள்ளவேண்டிய தேவை எங்களுக்குத் தெரியவில்லை.

திட்டம் இறுதியாகி ஓர் ஆண்டாகப் போகிறது. மகள் இப்போது வாரத்தில் நான்கு நாள், சில வாரம் ஐந்து நாளும், பாடசாலைக்குப் போகிறாள். மேசையின் கீழ் இப்போது பூனைதான் படுத்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை திட்டத்தை மீளாய்வு செய்ய வேண்டும் என்பது விதி. முதல் மீளாய்வு அடுத்த மாதம். அதற்கான முன்மொழிவு சென்ற வாரம் தபாலில் வந்தது: அவளுடைய புள்ளிகள் சிறப்பாக இருப்பதால் உதவியாளரின் பத்து மணித்தியாலத்தை நான்காகக் குறைக்கலாமாம். எங்கள் பதில் ஏழு பக்கம். நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.